மாட்டை அளக்க எந்தக் கோல்?

(மாட்டுத் திசுக்களில் மரபணு வெளிப்பாட்டை அளப்பதற்கான ஒப்பீட்டு மரபணுக்கள் குறித்துப் புதுக்கோட்டையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் கொடுத்த தலைப்பு அழைப்பிதழில் ஒரு வரிக்குள் அடங்கவில்லை. அச்சகத்துத் தம்பி போன் செய்து, “சார், கொஞ்சம் சுருக்கிக்கலாமா?” என்று கேட்டார். சுருக்கச் சொல்லிவிட்டேன். விஷயம் அப்படி ஒன்றும் எட்டாத விஷயமில்லை. இந்த அவையில் இருக்கிற எல்லோருமே அதில் பாதியை 2020-லேயே கற்றுக்கொண்டுவிட்டீர்கள்.

கொரோனாக் காலத்தை நினைத்துப் பாருங்கள். மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுத்தார்கள், மறுநாள் ரிசல்ட் வந்தது. “சி.டி. வேல்யூ எவ்வளவு?” என்று சொந்தக்காரர்கள் போனில் விசாரித்தார்கள். 18 என்றால் வீடே கலங்கியது, 33 என்றால் கொஞ்சம் மூச்சு வந்தது. அந்த எண்ணைத் தந்த கருவிதான் ரியல் டைம் பி.சி.ஆர். ஒவ்வொரு சுற்றிலும் அது மாதிரியில் இருக்கிற மரபுப் பொருளை இரண்டு மடங்காக்கிக்கொண்டே போகும். எத்தனையாவது சுற்றில் அது கண்ணுக்குப் படுகிற அளவை எட்டுகிறதோ, அதுதான் சி.டி. சரக்கு நிறைய இருந்தால் சீக்கிரம் எட்டும், எண் சிறியதாக இருக்கும். ஒரு சுற்று வித்தியாசம் என்றால் இரண்டு மடங்கு, 3.3 சுற்று என்றால் ஏறத்தாழ பத்து மடங்கு.

அந்தப் பரிசோதனையிலேயே நம்மில் யாரும் கண்டுகொள்ளாத இன்னொரு எண்ணும் உண்டு. வைரஸோடு சேர்த்து மனித மரபணு ஒன்றையும் அளப்பார்கள். சில கிட்டுகளில் ஆர்.என்.ஏஸ் பி, சிலவற்றில் பீட்டா ஆக்டின். அது தெரியவில்லை என்றால் குச்சி சரியாகப் படவில்லை என்று அர்த்தம், மாதிரியை மறுபடி எடுக்க வேண்டும். இன்று நான் பேசப்போவது முழுக்க அந்த இரண்டாவது எண்ணைப் பற்றித்தான். கொரோனாவில் அதற்கு உண்டு, இல்லை என்று சொல்கிற வேலை மட்டும்தான் இருந்தது. மாட்டு ஆராய்ச்சியில் எங்கள் கட்டுரைகளில் வருகிற ஒவ்வோர் எண்ணும் அந்த இரண்டாவது எண்ணால் வகுக்கப்பட்டுத்தான் வருகிறது. வகுக்கும் எண் தப்பென்றால் விடை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எதற்காக வகுக்க வேண்டும்? ஒரு பசுவின் மடியில் இருக்கிற செல்லுக்கும் ஈரலில் இருக்கிற செல்லுக்கும் டி.என்.ஏ. ஒன்றுதான். 2009-ல் மாட்டின் முழு மரபணுத் தொகுப்பும் வெளியானது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் வளர்ந்த டொமினெட் என்ற ஹெர்ஃபோர்டு பசுவுடையது அது. ஏறக்குறைய 22,000 மரபணுக்கள் என்று கணக்கிட்டார்கள். இதில் மடிச் செல் கேசின் என்ற பால் புரதத்தின் மரபணுவைப் பிரதி எடுத்துத் தள்ளும், ஈரல் செல் அந்தப் பக்கமே போகாது. இந்தப் பிரதிகளுக்குத் தூது ஆர்.என்.ஏ. என்று பெயர். எந்த மரபணு எவ்வளவு பிரதி எடுக்கிறது என்பதைத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறோம். ஒரு மாடு வெயிலைத் தாங்குகிறதா, நோயை எதிர்க்கிறதா, சினை நின்றிருக்கிறதா என்ற கேள்விகளுக்கெல்லாம் ஆய்வுக்கூடத்தில் இப்படித்தான் பதில் தேடுகிறோம்.

ஆனால் ஒரு மாதிரிக்கும் இன்னொரு மாதிரிக்கும் அளவு ஒத்துப்போவதில்லை. ஒரு துண்டு ஈரல் 20 மில்லிகிராம் இருக்கும், இன்னொன்று 30 இருக்கும். ஒன்றிலிருந்து ஆர்.என்.ஏ. நன்றாகப் பிரிந்து வரும், மற்றொன்றில் பாதி சிதைந்திருக்கும். ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றுகிற கட்டத்திலும் ஏற்றத்தாழ்வு வரும். ஆகவே அதே குழாயில், அதே பாடுகளையெல்லாம் சேர்ந்து பட்ட, அளவு மாறாத ஒரு மரபணுவைத் துணைக்கு வைத்துக்கொள்கிறோம். தேடுகிற மரபணுவை அதோடு ஒப்பிட்டுச் சொல்கிறோம். ஆய்வுக்கூடத்தில் அதை ரெஃபரன்ஸ் ஜீன் என்போம், இங்கே ஒப்பீட்டு மரபணு என்கிறேன்.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். நம் மாவட்டத்துப் பழைய கோயில்களில் கல்லில் நிலமளந்த கோலின் நீளத்தை வெட்டி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மரக்கோல் தேயும், வளையும், வேண்டியவனுக்கு ஒரு விரல் கூட்டி வெட்டவும் முடியும். அதனால்தான் ஊர் அறியக் கல்லில் பொறித்தார்கள். கோல் ஊருக்கு ஊர் வேறு என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. பன்னிரு சாண் கோலா, பதினாறு சாண் கோலா என்று கல்வெட்டிலேயே எழுதிவைத்தார்கள். உயிரியலில் நாங்கள் இந்த இரண்டையும் கோட்டை விட்டோம். மரக்கோலைக் கல் என்று நம்பினோம், ஒரு நாட்டுக் கோலை இன்னொரு நாட்டில் கேள்வி கேட்காமல் நீட்டினோம்.

கோட்டை விட்ட கதை இதுதான். 2001-ல் லிவாக், ஷ்மிட்கன் என்ற இருவர் சி.டி. எண்களை வைத்து மடங்குக் கணக்குப் போடும் எளிய சூத்திரம் ஒன்றை வெளியிட்டார்கள். உலகிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்படும் அறிவியல் கட்டுரைகளில் அதுவும் ஒன்று. அந்தச் சூத்திரம் பலிக்க இரண்டு நிபந்தனைகள் உண்டு. இரண்டு மரபணுக்களும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே வேகத்தில் பெருக வேண்டும், ஒப்பீட்டு மரபணு ஆய்வுச் சூழலால் மாறாமல் இருக்க வேண்டும். சூத்திரத்தை எல்லோரும் எடுத்துக்கொண்டோம், நிபந்தனையைப் படித்தவர்கள் குறைவு. கேட்டால் “நான் ஜி.ஏ.பி.டி.எச். போட்டிருக்கிறேன் சார்” என்று மாணவர் சொல்வார். ஏன் அதைப் போட்டாய் என்றால், “போன பேட்ச் அக்கா அதைத்தான் போட்டாங்க” என்பார். அந்த அக்காவும் அதற்கு முந்தைய பேட்ச்சைப் பார்த்துத்தான் போட்டிருப்பார். இப்படியே போனால் 1980-களில் நார்தர்ன் பிளாட் என்ற பழைய முறையில் ஆர்.என்.ஏ.வை அளந்த காலம்வரை போகும். அன்று ஜி.ஏ.பி.டி.எச்., ஆக்டின் இரண்டும் எல்லா செல்லிலும் தாராளமாக இருந்தன, எளிதில் கண்ணில் பட்டன. அந்த வசதியைப் பார்த்து எடுத்தார்கள். அவை மாறாதவை என்று யாரும் சோதித்து எடுக்கவில்லை.

ஜி.ஏ.பி.டி.எச். என்பது சர்க்கரையை உடைத்துச் சக்தி எடுக்கும் பாதையில் ஆறாவது படியில் வேலை பார்க்கும் நொதி. செல்லுக்குப் பிராணவாயு குறைந்தால் அது கூடும். கொழுப்புத் திசுவில் இன்சுலின் கூடினாலும் அது கூடும். தீனி, பசி, ஓட்டம், மூச்சிரைப்பு இவற்றை ஆராயும் இடத்தில் அதையே மாறாத ஒன்றாக வைத்துக்கொள்கிறோம் என்றால் என்ன சொல்வது?

கணக்குக்காக ஒரு உதாரணம் பார்ப்போம். சித்திரை வெயிலில் ஒரு கலப்பின ஜெர்சி மாடு. வெப்பத்தைத் தாங்க செல்கள் எச்.எஸ்.பி.70 என்ற புரதத்தை உருவாக்கும். காலையில் அந்த மரபணுவின் சி.டி. 26, மதியம் இரண்டு மணிக்கு 24 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சுற்று குறைந்தது, ஆகவே நான்கு மடங்கு கூடியிருக்கிறது. இப்போது ஒப்பீட்டுக்கு வைத்த மரபணுவும் வெயிலால் 18-லிருந்து 17 ஆகிவிட்டது என்றால் கழித்துப் பார்க்கையில் இரண்டு மடங்குதான் மிஞ்சும். அது 16 ஆகியிருந்தால் விடை “மாற்றம் ஏதும் இல்லை”. மாடு வெயிலில் தவிக்கிறது, நாம் “இந்த மாடு வெப்பத்தால் பாதிக்கப்படவில்லை” என்று கட்டுரை எழுதுகிறோம். அந்தக் கட்டுரையை நம்பி ஒருவர் இனப்பெருக்கத்துக்குக் காளை தேர்ந்தெடுத்தால் அந்தப் பிழை அடுத்த தலைமுறைக் கன்றுகளோடு நடந்து வரும்.

ஒப்பீட்டு மரபணு இப்படி ஏமாற்றுவதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் சினை பற்றியது. நம் ஊரில் சினை ஊசி போட்ட இருபதாம் நாளிலிருந்து மாட்டுக்காரர்கள் கவலைப்படத் தொடங்கிவிடுவார்கள். “ஊசி போட்டு இருவது நாளாச்சுங்க, நின்னுருச்சான்னு பாத்துச் சொல்லுங்க டாக்டர்” என்று கேட்காத அம்மா யாரையும் நான் பார்த்ததில்லை. கையை விட்டுச் சினை பார்க்க இரண்டு மூன்று மாதம் ஆக வேண்டும். சினை இல்லை என்று அப்போது தெரிந்தால் அத்தனை நாள் தீனியும் வீண், பருவமும் போச்சு. மாட்டுக்கோ முன்பே தெரிந்துவிடுகிறது. கருத்தரித்த பதினாறு, பதினெட்டு நாளில் அந்தச் சின்னக் கரு இன்டர்ஃபெரான் டௌ என்ற புரதத்தைச் சுரந்து, “நான் இருக்கிறேன், அடுத்த பருவத்துக்குப் போய்விடாதே” என்று தாய்க்குச் சொல்கிறது. அதன் எதிரொலி தாயின் இரத்த வெள்ளணுக்களிலும் கேட்கிறது. ஐ.எஸ்.ஜி.15, எம்.எக்ஸ்.2, ஓ.ஏ.எஸ்.1 போன்ற மரபணுக்கள் பதினெட்டு முதல் இருபது நாளில் கூடுகின்றன. அதை அளந்து முன்கூட்டியே சினையைச் சொல்லிவிட முடியுமா என்று உலகெங்கும் முயல்கிறார்கள்.

இங்கேதான் பொறி. ஒப்பீட்டுப் பட்டியல்களில் வழக்கமாக இடம்பிடிக்கும் இன்னொரு மரபணு பி.2.எம்., அதாவது பீட்டா-2 மைக்ரோகுளோபுலின். செல்லின் மேல்பரப்பில் நோய் எதிர்ப்புக்கான அடையாளத்தைத் தாங்கி நிற்கும் புரதத்தின் ஒரு பாகம் அது. இன்டர்ஃபெரான் பட்டால் அது கூடும். கருப்பைத் திசுவிலும் இது நடப்பது 1990-களிலிருந்தே தெரியும். இன்டர்ஃபெரானால் கூடும் ஒரு மரபணுவை, இன்டர்ஃபெரானாலேயே கூடும் இன்னொன்றால் வகுத்தால் சினை மாடு சினையில்லாத மாடு போலத் தோன்றும். வைரஸ் காய்ச்சலிலும் இதே கதைதான். 2019-ல் இந்தியாவுக்குள் வந்து, பிறகு நம் மாவட்டத்து மாடுகளையும் வாட்டிய தோல் கழலை நோயை இந்த முறையில் ஆராய நினைப்பவர்கள் முதலில் பி.2.எம். பெயரை அடித்துவிடலாம்.

ஆக்டின் செல்லின் உள்கட்டுமானப் புரதம். செல் பெருகும்போதும் நகரும்போதும் மாறும். கன்று போட்ட பின் சுருங்குகிற கருப்பைக்கும் வீங்கிய மடிக்கும் அது உதவாது. ஒப்பீட்டுக்கு வைக்கப்படும் இன்னொன்றான 18 எஸ் ரைபோசோம் ஆர்.என்.ஏ. வேறு வகைத் தொல்லை. மொத்த ஆர்.என்.ஏ.வில் பெரும்பகுதி ரைபோசோம் சரக்குதான், தூது ஆர்.என்.ஏ. சில சதவீதமே தேறும். பத்தாவது சுற்றிலேயே தெரிந்துவிடும் ஒன்றை வைத்து, இருபத்தெட்டாவது சுற்றில் தலைகாட்டும் ஒன்றை அளக்கிறோம். அதோடு தூது ஆர்.என்.ஏ.வின் வாலைப் பிடித்துப் பிரதி எடுக்கும் முறையைக் கையாண்டால், வால் இல்லாத 18 எஸ் அதில் சரியாகச் சிக்காது.

மடி விஷயத்தில் 2007-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பியோனாஸ், லோர் இருவரும் செய்த ஆய்வு படிக்க வேண்டியது. கன்று போடுவதற்கு முன்னும் கறவையின் பல கட்டங்களிலும் மடித் திசுவை எடுத்துப் பார்த்தார்கள். பால் இறங்கத் தொடங்கியதும் கேசின் போன்ற பால் புரத மரபணுக்களின் பிரதிகள் வெள்ளமாகப் பெருகுகின்றன. மொத்த ஆர்.என்.ஏ.வில் அவையே பெரும் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், உண்மையில் மாறாமல் இருக்கும் மரபணுக்களும் குறைந்ததுபோலத் தெரிகின்றன. எந்தப் பாவமும் அறியாத மரபணு குற்றவாளிக் கூண்டில் நிற்கும். அவர்கள் யு.எக்ஸ்.டி. போல அதுவரை யாரும் பெயர் சொல்லாத மரபணுக்களைச் சோதித்துத் தேர்ந்தார்கள். அதற்குப் பிறகு மடி பற்றிய பல ஆய்வுகள் அவர்களுடைய பட்டியலை எடுத்துக்கொண்டன. அங்கேயும் நம் பழைய வியாதி தொற்றிக்கொண்டது. ஹோல்ஸ்டீன் மாட்டின் மடிக்கு என்று சொன்னதை உம்பளச்சேரி மாட்டின் ஈரலுக்கும் போடுகிறார்கள்.

இனி நம் மாவட்டத்துக்கு வருகிறேன். ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு தச்சன்குறிச்சியில் நடக்கிறது. விராலிமலையில் 2019 ஜனவரியில் ஒரே நாளில் 1,300-க்கும் மேற்பட்ட காளைகள் வாடிவாசல் வழியாக வந்தன. நாட்டு மாட்டு ஆராய்ச்சிக்கு இதைவிடப் பெரிய கூட்டம் எங்கே கிடைக்கும்? காளைகளைக் கால்நடை மருத்துவர்கள் பரிசோதித்துத்தான் களத்துக்கு அனுப்புகிறார்கள். ஆனால் ஈரலோ தசையோ யாரும் தரமாட்டார்கள், கேட்கவும் கூடாது. இரத்தம் ஒன்றுதான் வழி. அதற்கும் ஒரு காளைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். “பொங்க முடியட்டும் சார், அப்பறம் எடுத்துக்கங்க. இப்ப ஊசி வச்சா மாடு வாடிரும்” என்றார். 300 கிலோ காளையின் உடம்பில் சுமார் 18 லிட்டர் இரத்தம் ஓடுகிறது, நாங்கள் கேட்பது 5 மில்லி என்று விளக்கினேன். அவர் அசையவில்லை. அவர் நிலையில் நானும் அசைந்திருக்கமாட்டேன்.

பொங்கலுக்குப் பிறகு எடுப்பதில் அறிவியலுக்கும் ஒரு லாபம் உண்டு. ஓய்வாக இருக்கும் மாட்டின் இரத்த வெள்ளணுக்களில் லிம்போசைட்டுகள்தான் அதிகம், நியூட்ரோஃபில்கள் ஏறத்தாழ அதில் பாதி. இந்த விஷயத்தில் மனிதருக்கு நேரெதிர். மாட்டை லாரியில் ஏற்றி, கூட்டத்தில் நிறுத்தி, விரட்டி ஓட விட்டால் கார்டிசால் என்ற ஹார்மோன் சுரக்கும். அதன் விளைவாக நியூட்ரோஃபில்கள் இரத்த ஓட்டத்தில் கூடும், லிம்போசைட்டுகள் குறையும். சில மணி நேரத்தில் விகிதமே தலைகீழாகிவிடும். இந்த இரண்டு வகைச் செல்களிலும் மரபணு வெளிப்பாடு வேறு வேறு. ஆகவே எந்தச் செல்லிலும் எந்த மரபணுவும் மாறாமலேயே, செல்களின் கூட்டு மாறியதால் அளவு மாறும். ஒப்பீட்டு மரபணுவும் அதோடு சேர்ந்து ஆடும். இதைக் கவனிக்காமல் “ஓட்டத்துக்குப் பின் இந்த மரபணு மூன்று மடங்கு கூடியது” என்று எழுதினால், நாம் அளந்தது செல்களின் எண்ணிக்கையைத்தான். மாதிரி எடுக்கும்போதே ஒரு கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு இரத்தம் தேய்த்து, சாயம் போட்டு, நூறு வெள்ளணுக்களை வகை பிரித்து எண்ணிவைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. எல்லாக் கால்நடை மருத்துவமனையிலும் செய்யக்கூடிய வேலை, நுண்ணோக்கி போதும். விலையுயர்ந்த கருவி வாங்கியவர்கள்தான் இதை மறந்துவிடுகிறார்கள். மடிநோய் கண்ட பாலிலும் இதே எச்சரிக்கை தேவை. நல்ல பாலில் இருக்கிற செல்களும் மடிநோய்ப் பாலில் குவிகிற செல்களும் ஒரே வகையல்ல.

மாதிரியைக் கொண்டுபோகும் கதையும் உண்டு. அறந்தாங்கிப் பக்கம் விடியற்காலையில் எடுத்த இரத்தம், சாதாரணக் குழாயில், தெர்மாகோல் பெட்டியில், பஸ்ஸில் சென்னை போய்ச் சேரும்போது இரவாகிவிடும். குழாய்க்குள் அந்தச் செல்கள் அதுவரை உயிரோடுதான் இருக்கும். தங்களுக்கு நேர்ந்த கதிக்கு ஏற்ப மரபணுக்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும். நாம் மாட்டை அளப்பதாக நினைத்துப் பஸ் பயணத்தை அளந்துகொண்டிருப்போம். இரத்தம் எடுத்த கணத்திலேயே ஆர்.என்.ஏ.வை நிலைநிறுத்தும் திரவம் உள்ள குழாயில் விடுவது அவசியம். அங்கே பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாது.

நம் மாடுகளுக்கு மட்டும் உரிய இன்னொரு சிக்கல் பிரைமர். மரபணுவின் எந்தப் பகுதியைப் பெருக்க வேண்டும் என்று கருவிக்குக் காட்டும் சின்ன டி.என்.ஏ. இழைதான் பிரைமர், இருபது எழுத்து நீளம் இருக்கும். வெளிநாட்டுக் கட்டுரைகளில் இருப்பவை பெரும்பாலும் டொமினெட் போன்ற ஐரோப்பிய மாட்டின் வரிசையை வைத்து எழுதப்பட்டவை. திமில் உள்ள நம் மாடுகளும் திமில் இல்லாத ஐரோப்பிய மாடுகளும் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே வழி பிரிந்தவை. பிரைமரின் கடைசி ஓரெழுத்து பொருந்தவில்லை என்றாலும் பெருக்கம் தடுமாறும். கலப்பின மாட்டில் மரபணுவின் ஒரு பிரதி ஜெர்சியிடமிருந்தும் மற்றொன்று நாட்டு மாட்டிடமிருந்தும் வந்திருக்கலாம். அப்படியானால் ஒரு பிரதி பெருகும், மற்றது பின்தங்கும். ஆகவே புலிக்குளம் மாட்டையும் ஜெர்சிக் கலப்பையும் ஒப்பிடுபவர் முதலில் மாதிரியைப் பத்து பத்து மடங்காக நீர்க்கச் செய்து, இரண்டு இனத்திலும் பிரைமர் ஒரே திறனில் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஒவ்வொரு முறை நீர்க்கச் செய்யும்போதும் சி.டி. 3.3 கூடினால் சரி.

ஆர்.என்.ஏ.வோடு டி.என்.ஏ.வும் கலந்து வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நீதிமன்றக் கதை ஒன்றே இருக்கிறது. தட்டம்மைத் தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்று அமெரிக்காவில் வழக்குத் தொடர்ந்தவர்கள், குழந்தைகளின் குடலில் தட்டம்மை வைரஸ் இருந்ததாக ஓர் ஆய்வுக்கூடத்தின் பி.சி.ஆர். முடிவுகளைச் சான்றாகக் காட்டினார்கள். 2007-ல் ஸ்டீபன் பஸ்டின் என்ற பிரிட்டிஷ் அறிஞர் சாட்சி சொன்னார். தட்டம்மை வைரஸின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. அதை டி.என்.ஏ.வாக மாற்றும் கட்டம் விட்டுப்போன சோதனையிலும் அதே சமிக்ஞை வந்திருந்ததை அவர் மூலக் கணக்குகளிலிருந்து எடுத்துக் காட்டினார். அப்படியானால் வந்தது வைரஸ் இல்லை, எங்கிருந்தோ ஒட்டிய டி.என்.ஏ. 2009-ல் நீதிமன்றம் வழக்குத் தொடர்ந்தவர்களின் வாதத்தை ஏற்கவில்லை. அதே ஆண்டில் பஸ்டினும் சகாக்களும் இத்தகைய ஆய்வுகளை எப்படி எழுதி வெளியிட வேண்டும் என்பதற்கு எம்.ஐ.க்யூ.இ. என்ற நெறிமுறையைத் தந்தார்கள். 2025-ல் அதன் இரண்டாம் பதிப்பு வந்திருக்கிறது. ஒற்றை ஒப்பீட்டு மரபணுவை வைத்து எழுதுவதானால் அது மாறவில்லை என்பதற்கான சான்றையும் சேர்த்துக் காட்ட வேண்டும் என்பது அதில் ஒரு முக்கிய விதி. ஜி.ஏ.பி.டி.எச்.சுக்கு இந்த வம்பு கூடுதல். பாலூட்டிகளில் அதன் போலிப் பிரதிகள் டி.என்.ஏ.வில் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. டி.என்.ஏ. கொஞ்சம் கலந்தாலும் அந்தப் போலிகள் பெருகி நிற்கும்.

சரி, எப்படித்தான் தேர்ந்தெடுப்பது? 2002-ல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் வாண்டசொம்பலே குழு ஒரு வழியைக் காட்டியது. மாறாத ஒரே மரபணு என்று உலகில் எதுவும் இல்லை என்பதிலிருந்து அவர்கள் தொடங்கினார்கள். பத்து மரபணுக்களை எடுத்து, இரண்டிரண்டாகச் சேர்த்து, அவற்றின் விகிதம் எல்லா மாதிரியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். மோசமானதைக் கழித்துவிட்டு மறுபடி பார்த்தார்கள். கடைசியில் நிற்கும் மூன்று மரபணுக்களின் பெருக்கல் சராசரியை அளவாக வைத்தார்கள். ஒற்றை மரபணுவை நம்பினால் கால்வாசி மாதிரிகளில் 3 மடங்குக்கு மேலும், பத்தில் ஒரு பங்கு மாதிரிகளில் 6.4 மடங்குக்கு மேலும் பிழை வருவதாக அவர்கள் கணக்கிட்டார்கள். இரண்டு மடங்கு மாற்றத்தைக் கண்டுபிடித்தேன் என்று மகிழ்பவர்கள் இந்த எண்ணைச் சுவரில் ஒட்டிவைக்கலாம்.

பெருக்கல் சராசரி எதற்கு என்று மாணவர்கள் கேட்பார்கள். மூன்று மரபணுக்களின் அளவு 2, 4, 1000 என்றால் கூட்டிச் சராசரி எடுக்கும்போது 335 வரும். பெரிய மரபணுவே எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. பெருக்கி முப்படி மூலம் எடுத்தால் 20 வரும், மூன்றுக்கும் சமமான குரல் கிடைக்கும்.

ஜி.நார்ம் என்று பெயர் பெற்ற வாண்டசொம்பலே குழுவின் முறையில் ஒரு ஓட்டையும் உண்டு, அதைப் பலர் சொல்வதில்லை. இரண்டு மரபணுக்கள் ஒரே கட்டுப்பாட்டின் கீழ் கைகோத்து ஏறினால் அவற்றின் விகிதம் மாறாது, ஆகவே இரண்டும் நிலையானவை என்று முதல் பரிசு வாங்கிவிடும். ரைபோசோம் புரத மரபணுக்கள் இரண்டு மூன்றைப் பட்டியலில் சேர்த்தால் இது எளிதில் நடக்கும். அதனால் பட்டியல் போடும்போதே சர்க்கரைப் பாதையில் ஒன்று, ரைபோசோமில் ஒன்று, செல் கட்டமைப்பில் ஒன்று என வேறு வேறு வேலை பார்ப்பவற்றை எடுக்க வேண்டும். 2004-ல் வந்த நார்ம்ஃபைண்டர் என்ற மென்பொருள், வெயில் மாடு, நிழல் மாடு என்று குழுக்களுக்கு இடையிலான மாற்றத்தைத் தனியாகப் பிரித்துப் பார்க்கிறது. என் கருத்தில் நம் வேலைக்கு அதுவே பொருத்தம். கிடைக்கிற மென்பொருள்களிலெல்லாம் போட்டு, அவை தரும் தரவரிசைகளைச் சராசரி எடுத்து ஒரு படம் வரைந்துவிட்டால் கட்டுரை முடிந்தது என்ற பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. சி.டி. எண்களைக் கண்ணால் பார்க்காமல் மென்பொருளின் தீர்ப்பை மட்டும் எழுதுவது எனக்கு உடன்பாடில்லை.

நம் நாட்டில் இது நடக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவள நிறுவனத்தார் எருமை மடிச் செல்களில், வெப்பத்துக்குப் பழகிய மாடுகளின் இரத்த வெள்ளணுக்களில், லடாக்கின் உயர்ந்த மலைகளில் வாழும் மாடுகளில் ஒப்பீட்டு மரபணுக்களைச் சோதித்து வெளியிட்டிருக்கிறார்கள். இந்தியாவின் முதல் கால்நடைப் பல்கலைக்கழகத்தை 1989-லேயே தொடங்கிய மாநிலம் நம்முடையது. பக்கத்தில் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உம்பளச்சேரிக்கும் புலிக்குளத்துக்கும், திசு திசுவாக, பருவம் பருவமாக ஒரு பட்டியல் இருக்க வேண்டும் என்று கேட்பது பேராசையில்லை.

டிஜிட்டல் பி.சி.ஆர். வந்துவிட்டதே, ஆர்.என்.ஏ. வரிசை முழுவதையும் படிக்கும் முறையும் வந்துவிட்டதே, இனி இதெல்லாம் எதற்கு என்று ஒரு பேராசிரிய நண்பர் கேட்டார். பிரதிகளை ஒன்று ஒன்றாக எண்ணினாலும், எத்தனை செல்லிலிருந்து எண்ணினோம் என்ற கேள்வி நிற்கத்தான் செய்யும்.

முடிக்கும் முன் மூன்று பேரிடம் மூன்று வேண்டுகோள். வழிகாட்டும் பேராசிரியர்களே, மாணவரின் முதல் மாதத்தை இந்தச் சோதனைக்கு ஒதுக்குங்கள். பத்து மரபணு, பத்து மாதிரி, மும்மூன்று முறை என்றால் 300 குழி, 96 குழித் தட்டு நான்கு போதும். பிரைமர் ஜோடி ஒன்றுக்குச் சில நூறு ரூபாய்தான் செலவு. அந்த மாதத்தில் கட்டுரை வராது, ஆனால் அடுத்த மூன்று ஆண்டு வேலை வீணாகாது. மாணவர்களே, ஆய்வேட்டின் பின்னிணைப்பில் மூலச் சி.டி. எண்களை, மாட்டின் இனம், வயது, கறவை நாள், மாதிரி எடுத்த நேரம் எல்லாவற்றோடும் சேர்த்து அச்சிடுங்கள். பலிக்காத மரபணுக்களின் எண்களையும் விடாமல் போடுங்கள், உங்களுக்கு அடுத்து வருபவருக்கு அவைதான் அதிகம் பயன்படும். காளை வளர்ப்பவர்களே, பொங்கலும் மாசித் திருவிழாக்களும் முடிந்து மாடு ஓய்ந்து நிற்கும்போது எங்களுக்கு 5 மில்லி இரத்தம் எடுக்க அனுமதி கொடுங்கள்.